வெள்ள மீட்பு ஹெலிகாப்டர்களும் நம் ட்ரோன்களும்: 120 மீட்டர் வரம்பு போதுமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். திருமணங்களுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் ட்ரோன் படப்பிடிப்பு செய்து கொடுப்பது என் தொழில். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நடந்த ஒன்றை இதுவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்தக் குழுவில் ட்ரோன் இயக்குபவர்கள் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த வாரம் அது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோன ரயிலில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கியிருந்தார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களுக்குச் சாலை வழி அறுந்து, ஹெலிகாப்டர்கள்தான் உணவுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து போட்டன. எங்கள் ஊரிலும் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிட்டது. குளத்துக் கரை எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஊர்ப் பெரியவர்கள் கேட்டதால், மாடியில் நின்று ட்ரோனை ஏற்றினேன். வெயில் திரையில் விழாமலிருக்கத் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தேன். திரையில் உயரம் 85 மீட்டர் என்று காட்டியது.

ஹெலிகாப்டர் சத்தம் எனக்குக் கேட்கத்தான் செய்தது. காலையிலிருந்தே அந்தச் சத்தம் வந்தும் போய்க்கொண்டும் இருந்ததால், தூரத்தில் போகிறது என்று நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஆற்றுப் பக்கத்துப் பனங்கூட்டத்துக்கு மேலே அது வந்துவிட்டிருந்தது. என் ட்ரோனைவிடத் தாழ்வாகப் பறந்து வந்தது. கட்டைவிரல்கள் இரண்டும் இயக்குபெட்டியின் குச்சிகளின் மேலேயே இருந்தும், கீழே இறக்குவதா, விலக்குவதா, அப்படியே நிறுத்துவதா என்று முடிவெடுக்க முடியாமல் நின்றேன். ஹெலிகாப்டர் தானாகத் திரும்பித் தெற்கே போயிற்று. அதில் இருந்தவர்கள் என் ட்ரோனைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

என் கேள்வி இதுதான். ட்ரோன்களுக்கான 120 மீட்டர் என்ற உயர வரம்பை நான் மீறவில்லை. அருகில் விமான நிலையமும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டும் ஒரே வானத்தில் வந்து நின்றன என்றால், அந்த வரம்பு யாரை யாரிடமிருந்து காக்கிறது?

சூலூர்க்காரர்

தம்பி, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. விமானப்படை ஹெலிகாப்டர்களில் பறப்புப் பொறியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உள்ளே இருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

ட்ரோன் 400 அடிக்குக் கீழே, அதாவது 120 மீட்டருக்குக் கீழே; விமானங்கள் பொதுவாக 500 அடிக்கு மேலே; நடுவில் 100 அடி இடைவெளி. உலக நாடுகள் பலவும் கைக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. இறக்கை விமானங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் ஹெலிகாப்டரை நாம் வாங்கி வைத்திருப்பதே 500 அடிக்குக் கீழே செய்ய வேண்டிய வேலைகளுக்காகத்தான். 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பகுதி மலையில் காட்டுத்தீ பரவியபோது, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து சென்ற எம்ஐ-17 ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் நீர் மொண்டு வந்து தீயின்மேல் ஊற்றியது. நீரை மொள்ளும்போது வாளி தண்ணீருக்குள் இறங்க வேண்டும். ஊற்றும்போதும் உயரம் கூடினால் நீர் காற்றில் சிதறிப்போகும். மொட்டைமாடியிலிருந்து ஆளைத் தூக்கும்போது நிலை இன்னும் தாழ்வு. நாட்டுக்கு ஹெலிகாப்டர் மிகவும் தேவைப்படும் நேரங்களில் எல்லாம் அது உங்கள் 120 மீட்டருக்குள்தான் இருக்கும்.

அடுத்தது, "விமானி பார்த்து விலகிக்கொள்வார்" என்ற நம்பிக்கை. வேறொரு விமானத்தைக் கண்ணால் கண்டு, மோதப்போகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, தன் விமானம் திரும்பும் வரை ஏறத்தாழ 12.5 வினாடிகள் ஆகும் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை கணக்கிடுகிறது. 120 நாட் (மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர்) வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் அதற்குள் 750 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே உங்கள் ட்ரோனை விமானி முக்கால் கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்டாக வேண்டும். 35 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் அந்தத் தொலைவில் எப்படித் தெரியும்? நீட்டிய கையில் ஒரு தாளைப் பிடித்து, அதில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அந்தப் புள்ளியும் சேறு கலந்த வெள்ளத்தின் பின்னணியில் இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மோதும் பாதையில் இருக்கும் பொருள் விமானியின் முன்கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும். நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும்; எது நம்மேல் மோதப் போகிறதோ அது அசைவதே இல்லை. போதாததற்குத் தாழப் பறக்கும் குழுவின் கண்கள் முழுவதும் மின்கம்பிகளையும் மரங்களையும் தேடிக்கொண்டிருக்கும்.

பறவையும் மோதத்தானே செய்கிறது என்று யாராவது கேட்பார்கள். பறவையின் உடல் நசுங்கிச் சிதறும். ட்ரோனின் மோட்டார், படக்கருவி, மின்கலம் ஆகியவை கெட்டியானவை. பெரிய வகை ஹெலிகாப்டர்களே ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதினால் தாங்க வேண்டும் என்ற அளவுக்குத்தான் சோதிக்கப்படுகின்றன. சிறிய வகைகள் பலவற்றுக்கு அந்தச் சோதனைகூடக் கட்டாயமாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் அரசும் விமானிகள் சங்கமும் சேர்ந்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு, பறவைச் சோதனைக்கு உட்படாத ஹெலிகாப்டரின் முன்கண்ணாடி வழக்கமான பறப்பு வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே ட்ரோன் மோதி உடையக்கூடும் என்றும், வால் சுழலி எளிதில் சேதமடையக்கூடியது என்றும் கண்டது. வால் சுழலி போனால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். தாழ்ந்த உயரத்தில் அதைச் சமாளிக்க நேரம் கிடைக்காது.

காவிரிக் கடைமடை

ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் நெற்பயிருக்கு மருந்து தெளிக்க ட்ரோன் ஓட்டுகிறேன். பயிருக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், கருவிக்குப் பதிவு எண் இருக்கிறது, காப்பீடு கட்டுகிறேன். எங்கேயோ ஒருவர் காணொளி மோகத்தில் தவறு செய்தால், அடுத்து வரும் கட்டுப்பாடு முதலில் எங்கள் தலையில்தான் விழுகிறது. மூன்று மீட்டரில் ஓடும் கருவியால் எந்த ஹெலிகாப்டருக்கு ஆபத்து? பயிற்சி இல்லாதவர்களைத் தடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

நியூ ஜெர்சி வாசி

கடைமடை அண்ணனின் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சி மட்டும் போதாது என்பதற்குக் கனடாவில் நடந்ததைச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு வடக்கே, பட்டன்வில் விமான நிலையம் அருகே தரையிறங்க வந்த செஸ்னா விமானத்தில் ட்ரோன் ஒன்று மோதியது. அதை இயக்கியது காவல்துறை. பறவை ஏதோ மோதிவிட்டது என்றே விமானத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நான் வசிக்கும் பகுதிக்கு அருகில் நடந்த வேறொன்றை. 2017 செப்டம்பர் 21 மாலை, நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஹாஃப்மன் தீவு அருகே, அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றின்மீது டிஜேஐ நிறுவனத்தின் ஃபேன்டம் 4 வகை ட்ரோன் மோதியது. மோதிய உயரம் ஏறத்தாழ 300 அடி. நாம் பேசிக்கொண்டிருக்கும் 400 அடிக்கு நூறு அடி கீழே. முதன்மைச் சுழலியின் அலகு ஒன்றில் ஒன்றரை அங்குலப் பள்ளம் விழுந்தது. ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. ட்ரோனின் மோட்டார் ஒன்றும் அதைத் தாங்கும் கையின் ஒரு துண்டும் ஹெலிகாப்டரிலேயே சிக்கியிருந்ததால், அவற்றைக் கொண்டு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உரிமையாளரைத் தேடிப் பிடித்தது.

அந்த மனிதர் புரூக்ளினில் நின்று இயக்கியிருந்தார். அவருக்கும் ட்ரோனுக்கும் இடையே இரண்டரை மைல் தூரம் இருந்தது. கண்ணுக்கு எட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டும் என்ற அடிப்படை விதியே மீறப்பட்டிருந்தது. தொடர்பு அறுந்ததும் ட்ரோன் பழுதாகிக் கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்து வீடு திரும்பியிருக்கிறார். விசாரணையாளர்கள் தொடர்புகொள்ளும் வரை, தன் கருவி ஒரு ராணுவ ஹெலிகாப்டரில் மோதியது அவருக்குத் தெரியாது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்தை முன்னிட்டு அந்த வாரம் அங்கே தற்காலிகப் பறப்புத் தடை அமலில் இருந்தது. அதுவும் அவருக்குத் தெரியாது. தடை இருந்தால் ட்ரோனை இயக்கும் செயலி சொல்லிவிடும் என்று நம்பியிருந்தார். அவருடைய கைக்கணினியிலோ கைபேசி இணைய இணைப்பு இல்லை. போதாதென்று, தற்காலிகத் தடைகளைக் காட்டும் வசதியையே டிஜேஐ நிறுவனம் அப்போது நிறுத்தி வைத்திருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. இணையம் இருந்திருந்தாலும் அந்த வழியில் அவருக்கு எச்சரிக்கை வந்திருக்காது.

பொருநைக்கரை

நியூ ஜெர்சி நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு உறைத்த இடம் கடைசிப் பத்தி. அவருடைய கைக்கணினியில் இணைய இணைப்பு இல்லை. எங்கள் ஊரில் இணையம் கொடுக்கும் கோபுரமே நின்றுபோயிருந்தது. வெள்ளமோ புயலோ வந்தால் முதலில் போவது மின்சாரம், அடுத்துப் போவது கைபேசி. அதன் பிறகுதான் ஹெலிகாப்டர் வருகிறது. இணையம் வழியாக வரும் எச்சரிக்கையை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாடு, அது மிகவும் தேவைப்படும் மூன்று நான்கு நாட்களில் வேலை செய்யாது. அன்று எங்கள் பகுதிக்கு ஏதேனும் தடை அறிவிக்கப்பட்டிருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை. தேட வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை வழக்கறிஞர்

சட்ட நிலையைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டியதில்லை. ஆட்கள் பயணிக்கும் விமானங்களுக்கு ட்ரோன் எப்போதும் வழிவிட்டு விலகியிருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. ஆகவே பொருநைக்கரை அவர்கள் உயர வரம்பை மீறாவிட்டாலும், வழிவிடும் கடமை அவருடையதாகத்தான் இருந்தது.

அவசர நேரத்தில் ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக மாநில அரசோ காவல்துறையோ அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதைச் செய்யலாம். அந்த அறிவிப்பு வெளியாக வேண்டிய இடமாக விதி காட்டுவதும் அதே இணைய வரைபடத்தைத்தான். தண்டோராவும் ஒலிபெருக்கியும் பற்றி விதியில் ஒரு சொல்லும் கிடையாது.

அனுமதி இன்றிக் கருவி தரையைவிட்டு எழவே முடியாதபடி செய்யும் வசதி, நேரடி இருப்பிட அறிவிப்பு, குறித்த எல்லையைக் கருவி தாண்டவிடாத மின்னணு எல்லை வேலி ஆகிய மூன்றையும் பின்னாளில் கட்டாயமாக்க அரசுக்கு அந்த விதிகள் அதிகாரம் கொடுத்திருக்கின்றன. அதிகாரத்தை எழுதி வைப்பது எளிது. களத்தில் கருவிகளில் அதைக் கொண்டுவருவதே பெரும்பாடு. விதி மீறலுக்கு உச்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். என் தனிப்பட்ட கருத்தில், அபராதத்தை உயர்த்துவதால் இந்தக் குறிப்பிட்ட ஆபத்து குறையாது. ஹாஃப்மன் தீவு மனிதரும் நம் நண்பரும் அபராதத்துக்குத் துணிந்து பறக்கவில்லை, அறியாமல் பறந்தார்கள்.

காவிரிக் கடைமடை

அப்படியானால் எடை குறைந்த பொம்மை வகைகளையாவது விட்டுவிடலாம் அல்லவா? 250 கிராமுக்குள் இருந்தால் நானோ வகை. சான்றிதழும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம் என்று அரசே சொல்கிறது. அது மோதி என்ன ஆகிவிடும்?

நியூ ஜெர்சி வாசி

அண்ணா, அந்த எடை வரம்பு தரையில் இருப்பவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்குக்குப் பொருந்தலாம். எதிரே வேகமாக வரும் விமானத்துக்குப் பொருந்தாது. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயை அணைக்கக் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த தண்ணீர் விமானம் ஒன்றின்மீது மோதியது இந்த எடை வகையைச் சேர்ந்த டிஜேஐ மினி 3 புரோதான். இடது இறக்கையில் மூன்றுக்கு ஆறு அங்குல அளவில் ஓட்டை விழுந்தது. சான்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தீயைப் பார்க்க ஏற்றிய கருவி அது. இரண்டரை கிலோமீட்டர் போனபின் இயக்கியவருக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊர் எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானத்தைப் பழுதுபார்க்க நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. விமானம் விழவில்லை என்பதற்காக இழப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

காவிரிக் கடைமடை

அந்தச் செய்தி எனக்குத் தெரியாது. நானோ பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்று மீட்டர் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை: பயிர் மட்டத்தில் ஓடும் கருவியையும் வானத்தில் நிற்கும் கருவியையும் ஒரே விதிக்குள் வைக்கக் கூடாது.

சூலூர்க்காரர்

அதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஹெலிகாப்டர் வயலிலும் இறங்கும் என்பதால், சத்தம் கேட்டால் தரையிறக்கும் பழக்கம் உங்களுக்கும் வேண்டும்.

இனித் தீர்வு பற்றிப் பேசலாம். விமானங்கள் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் வானொலி அலையில் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைக் கேட்கும் சிறு பெறுகருவி சில ட்ரோன்களில் இப்போதே பொருத்தப்பட்டு வருகிறது. இதன் சிறப்பு, கைபேசிக் கோபுரமும் இணையமும் இதற்குத் தேவையில்லை என்பது. வானத்திலிருந்து வரும் அலையை ட்ரோன் நேரடியாகக் கேட்டு, "ஹெலிகாப்டர் வருகிறது" என்று இயக்குபவரின் திரையில் காட்டிவிடும். பொருநைக்கரை சொன்ன வெள்ளக் காட்சியிலும் இது வேலை செய்யும். ஆகவே பயிர் மட்டத்தைத் தாண்டி வானத்தில் ஏறும் எல்லா ட்ரோன்களிலும், நானோ உட்பட, இந்தப் பெறுகருவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

மறுபக்கக் கடமையையும் மறைக்கக் கூடாது. ஹெலிகாப்டர் ஒலிபரப்பினால்தான் ட்ரோன் கேட்கும். ராணுவ ஹெலிகாப்டர்கள் பணியின் தன்மையைப் பொறுத்து அதை அணைத்து வைப்பதுண்டு; போர்ப் பணிக்கு அது சரி. வெள்ளத்தில் உணவு போடும்போது எதிரி யார்? மீட்புப் பணியில் பறக்கும் ஒவ்வொரு ஹெலிகாப்டரும், அது எந்தப் படையைச் சேர்ந்ததாயினும், தன் இருப்பிடத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் அந்த அமைப்புக்குள் இருந்த நான் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் யூ-ஸ்பேஸ் என்ற பெயரில் 2023 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய விதிகளில் இந்த இரு பக்கக் கடமை இருக்கிறது: ட்ரோன்களுக்கென்று வகுத்த வான்வெளிக்குள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் சேவை பெறாமல் நுழையும் ஆளுள்ள விமானமும் தன்னை மின்னணு முறையில் வெளிக்காட்ட வேண்டும். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு விதிகளோ ஒரு படி தாண்டிப் போய், ஒலிபரப்பாத விமானத்துக்குப் பல இடங்களில் ட்ரோன் வழிவிடத் தேவையில்லை என்று முன்மொழிந்தன. அதை நான் ஏற்க மாட்டேன். ஒலிபரப்புக் கருவி பழுதான ஹெலிகாப்டரில் இருப்பவர்களும் மனிதர்கள்தான். ட்ரோனில் ஒருவரும் இல்லை.

மதுரை வழக்கறிஞர்

கருவிகளில் மாற்றம் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் வரப்போகிறது என்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். இறங்குமிடத்தைத் தேர்வு செய்து கொடுப்பதே அவர்கள்தான். வெள்ள எச்சரிக்கைக்காக ஊர் ஊராக ஒலிபெருக்கியோடு செல்லும் வண்டியில் "ட்ரோன் பறக்கவிடக் கூடாது" என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மனு எழுதித் தர நான் தயார்.

பொருநைக்கரை

மனுவில் நானும் கையெழுத்திடுகிறேன். எங்கள் வட்டாரத்துப் படப்பிடிப்பாளர்களிடமும் வாங்கித் தருகிறேன்.

இந்த இழையைப் படித்தபின் நேற்றுக் காலை கண்மாய்த் திடலில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ட்ரோன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஆபத்து என்றதும் நம்மில் பெரும்பாலோர் அழுத்துவது "வீடு திரும்பு" பொத்தானைத்தான். 60 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் தள்ளி நிறுத்தி அதை அழுத்தினேன். ட்ரோன் என்னை நோக்கி வரவில்லை; முதலில் செங்குத்தாக மேலே ஏறியது. மரத்தில் மோதாமலிருக்க நான் எப்போதோ 100 மீட்டர் என்று பதிந்து வைத்திருந்த உயரத்தை எட்டிய பிறகுதான் திரும்பத் தொடங்கியது. அன்று பதற்றத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், ஹெலிகாப்டர் வரும் நேரத்தில் நானே அதை இன்னும் உயரே அனுப்பியிருப்பேன்.

பிறகு 85 மீட்டரிலிருந்து இடது குச்சியை முழுவதுமாகக் கீழே இழுத்து இறக்கிப் பார்த்தேன். தென்னை உயரத்துக்கு வர 22 வினாடிகள் ஆயின. சூலூர் ஐயாவின் கணக்குப்படி ஹெலிகாப்டர் அதற்குள் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். ஆகவே கண்ணில் பட்டபின் இறக்குவது என்பது நடக்காத காரியம். திசை தெரியாவிட்டாலும், தூரம் தெரியாவிட்டாலும், சத்தம் காதில் விழுந்த அந்த நொடியே குச்சியைக் கீழே இழுக்க வேண்டும்.

சூலூர்க்காரர்

சரியாகச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே வெள்ளமாக இருந்து தரையிறக்க இடமில்லை என்றால், தென்னை மட்டத்துக்குக் கீழே இறக்கி, அந்த உயரத்திலேயே உங்கள் மாடியை நோக்கிக் கொண்டுவாருங்கள். முதல் ஹெலிகாப்டர் போனதும் மறுபடி ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் பல நேரங்களில் இரண்டாகச் செல்வோம். பின்னால் வருவதன் சத்தம் முதலாவதன் சத்தத்திலேயே மறைந்திருக்கும்.